பிடிவாதக்காரக் கணவர், நான்கு வேற்றுமைகளில்

ஜூன் 3, திங்கள்

தினமும் ஐந்து வரி ஜெர்மனில் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று அஞ்சனா மிஸ் சொல்லியிருக்கிறார். எழுதிவிட்டேன். இன்று வெயில் அடித்தது. நான் சீக்கிரம் எழுந்தேன். நான் வேலைக்குப் போனேன். சோறு நன்றாக இருந்தது. நான் இப்போது தூங்கப் போகிறேன். என் ஜெர்மனுக்குள் அடங்கும் வாழ்க்கை இவ்வளவுதான். மீதியை இந்த நோட்டின் பின்பக்கத்திலிருந்து தமிழில் எழுதலாம் என்றிருக்கிறேன். மிஸ் பின்பக்கத்தைத் திருப்புவதில்லை.

இன்று வகுப்பில் அறிமுகப் பயிற்சி. என் முறை வந்ததும் எழுந்து ஒப்பித்தேன். என் பெயர் ஹெப்சிபா. எனக்கு முப்பத்தாறு வயது. நான் பாளையங்கோட்டையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். எனக்குத் திருமணமாகிவிட்டது. என் கணவர் கிங்ஸ்லியும் நர்ஸ்தான். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. என் பொழுதுபோக்கு சமையல். பொழுதுபோக்கைத் தவிர மற்றதெல்லாம் உண்மை.

அதே வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிங்ஸ்லி, தன் முறை வந்ததும், தன் மனைவி ஹெப்சிபாவும் நர்ஸ் என்று ஒப்பித்தார். நாங்கள் இருவரும் ஒன்பதரை மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. அதற்கான வினைச்சொல்லை மிஸ் இன்னும் நடத்தவில்லை.

ஜூன் 5, புதன்

பேச்சே இல்லாமல் ஒரு வீட்டை நடத்த முடியுமா என்று யாராவது கேட்டால் முடியும் என்பேன். பெயர் சொல்லாமல், முகம் பார்க்காமல், பொதுவாக அறிவிக்க வேண்டும். நான் அடுப்பைப் பார்த்து, "சாப்பிடுதவங்க சாப்பிடலாம்" என்பேன். அவர் கூரையைப் பார்த்து, "மோட்டார் போடுதவங்க போடலாம், தண்ணி வந்தாச்சு" என்பார். வீட்டில் இரண்டே பேர் என்பதால் குழப்பம் வராது.

அவருக்கு அவசரப் பிரிவில் நிரந்தர இரவு வேலை. போன ஆகஸ்டில் அவரே எழுதிக் கொடுத்து வாங்கியது. எனக்குப் பகல். மாலை மூன்றரைக்கும் எட்டரைக்கும் நடுவில்தான் இருவரும் விழித்திருப்போம். அதில் இரண்டு மணி நேரம் ஜெர்மன் வகுப்பு.

ஜெர்மனிக்கு விண்ணப்பித்தது அதற்கு முன்னால். அப்போது பேசிக்கொண்டிருந்தோம். ஆள் எடுக்கும் நிறுவனம் தம்பதி ஒதுக்கீடு என்று ஒன்று வைத்திருக்கிறது. ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் தேர்வு. இருவரும் தேறினால் ஒரே ஊரில் ஒரே மருத்துவமனை, இரண்டு அறை வீடு. ஒருவர் மட்டும் தேறினால் அவர் அக்டோபரில் விமானம் ஏற வேண்டும், மற்றவர் இங்கேயே. விண்ணப்பத்தை வாபஸ் வாங்கியிருக்கலாம். அதற்கு இருவரும் பேசி முடிவெடுக்க வேண்டும். அதனால் வாங்கவில்லை.

ஜூன் 10, திங்கள்

பெயருக்கு முன்னால் வரும் அடைமொழியின் வாலை எப்படி மாற்றுவது என்று இன்று ஆரம்பித்தார்கள். மிஸ் பலகை முழுக்கக் கட்டம் போட்டார். நான்கு வேற்றுமை, மூன்று பாலும் ஒரு பன்மையும், அதை மூன்று விதமாக. மொத்தம் நாற்பத்தெட்டுப் பெட்டிகள். 'நல்ல' என்ற ஒரு சொல், பின்னால் வருபவர் ஆணா பெண்ணா, அவர் செய்கிறாரா, அவருக்குச் செய்கிறார்களா என்று பார்த்து வாலை மாற்றிக்கொள்கிறது. தமிழில் நல்ல மாடும் நல்ல மனுஷனும் ஒரே 'நல்ல'தான். நாம் நிம்மதியாக இருந்திருக்கிறோம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து வரும் முத்துச்செல்விக்கு வயது இருபத்திரண்டு, என் பக்கத்து இருக்கை. அவள் இதை வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுவிட்டாள். "எ, எ, எ, என். என், எ, எ, என். அதுக்கப்புறம் எல்லாமே என்." வகுப்பே சேர்ந்து பாடியது. மிஸ் தடுக்கவில்லை.

விதி என்னவென்றால், முன்னால் நிற்கும் சுட்டுச்சொல் தெளிவாக இருந்துவிட்டால் அடைமொழி சும்மா இருக்கலாம். முன்னால் யாருமே நிற்காவிட்டால் முழுப் பாரத்தையும் அடைமொழியே சுமக்க வேண்டும். எல்லாருக்கும் இது குழப்பமாக இருந்தது. எனக்கு இல்லை. எங்கள் வார்டிலும் இப்படித்தான்.

ஜூன் 12, புதன்

வீட்டுப்பாடம்: ஒரு அடைமொழியும் ஒரு பெயரும் எடுத்து நான்கு வேற்றுமையிலும் வாக்கியம் அமைக்க வேண்டும். எல்லாரும் 'நல்ல நண்பன்', 'அழகான பூனை' என்று எழுதி வந்திருந்தார்கள். நான் அகராதியில் பிடிவாதத்துக்குச் சொல் தேடி எடுத்து எழுதினேன்.

டேர் ஷ்டூரெ மான். பிடிவாதக்காரக் கணவர் அமைதியாக இருக்கிறார்.
டேன் ஷ்டூரன் மான். நான் பிடிவாதக்காரக் கணவரைப் பார்க்கிறேன்.
டேம் ஷ்டூரன் மான். நான் பிடிவாதக்காரக் கணவருக்குச் சோறு கொடுக்கிறேன்.
டெஸ் ஷ்டூரன் மான்னஸ். பிடிவாதக்காரக் கணவருடைய சட்டை காய்ந்துவிட்டது.

மிஸ்ஸுக்கு இருபத்துநான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஒரு தப்புகூட இல்லை என்று சந்தோஷப்பட்டு முழு வகுப்புக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். "நோட் பண்ணிக்கோங்க, எக்ஸாம்ல யூஸ் ஆகும்" என்றார். திரும்பிப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் அவர் நோட் பண்ணிக்கொண்டிருந்தார்.

ஜூன் 13, வியாழன்

அவருடைய வீட்டுப்பாடம் சாப்பாட்டு மேசையில் திறந்தபடி கிடந்தது. 'கெட்டிக்கார மனைவி' என்று எடுத்திருந்தார். மூன்றாம் வாக்கியம்: கெட்டிக்கார மனைவிக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. நினைப்பு என்பதற்குத் தப்பான சொல்லைப் போட்டிருந்தார். கிண்டல் மட்டும் சரியாக வந்திருந்தது.

ஜூன் 24, திங்கள்

வீட்டுப் பொருட்களில் ஜெர்மன் பெயர்களை எழுதி ஒட்டச் சொன்னார் மிஸ். வெறும் பெயர் கூடாது, அடைமொழியோடு. நான் குளிர்சாதனப் பெட்டியில் 'பழைய' என்று ஒட்டிவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் வந்து பார்த்தால் 'பழைய'வின் வால் சிவப்பு மையில் திருத்தப்பட்டிருந்தது. ஜெர்மன்காரர்களுக்குக் குளிர்சாதனப் பெட்டி ஆண் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

எங்கள் தொழிலில் பகலில் எழுதினால் நீல மை, மாலையில் பச்சை, இரவில் சிவப்பு. கேஸ் ஷீட்டைத் திறந்ததுமே எது எந்த வேளையில் எழுதியது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. அவர் பத்து மாதமாகச் சிவப்புப் பேனா ஒன்றைத்தான் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.

தண்ணீர்ப் பானையில் அவர் 'மிட் கால்ட்டஸ் வாஸர்' என்று ஒட்டியிருந்தார். குளிர்ந்த தண்ணீருடன். 'கால்ட்டம்' என்று நீலத்தில் திருத்தினேன்.

ஜூன் 29, சனி

சீட்டுகள் பெருகிவிட்டன. சத்தமான மிக்ஸி, மெதுவான மின்விசிறி, நீலக் கதவு. இன்று மாவுப் பாத்திரத்தில் சிவப்பில் 'மிகவும் புளித்த மாவு' என்று இருந்தது. இலக்கணம் சரி. ஆனால் இது பயிற்சி இல்லை, புகார். மாவைக் கொட்டிவிட்டு உப்புமா கிண்டினேன். உப்புமாவுக்குச் சீட்டு ஒட்டவில்லை. இருந்தும் தட்டுக்குப் பக்கத்தில் ஒன்று கிடந்தது: 'நல்ல உப்புமா.' வால் தப்பு. திருத்தவில்லை.

ஜூலை 6, சனி

முன்னறையில் மாமனாரின் இரும்புக் கட்டில் இன்னும் இருக்கிறது, மெத்தையோடு. கட்டில் கம்பியில் ஒரு சீட்டு. சிவப்பு மை. 'டாஸ் லேரெ பெட்.' காலிப் படுக்கை.

மூன்று சொல்லிலும் தப்பு இல்லை.

ஜூலை 11, வியாழன்

ஐந்து நாளாக அந்தச் சீட்டைத் தாண்டித்தான் துணி காயப்போடப் போகிறேன். நாங்கள் இருவருமே நாள் முழுக்கக் காலிப் படுக்கை என்று சொல்பவர்கள். மூன்றாம் நம்பர் காலி, ஏழாம் நம்பர் காலி. சொன்னதும் அடுத்த ஆளை அனுப்பிவிடுவார்கள்.

எழுதிவிடுகிறேன். எப்படியும் பின்பக்கம்தானே.

மாமா பொன்னையா, கிங்ஸ்லியின் அப்பா, வயது எழுபத்துநான்கு. அத்தை போன பிறகு எட்டு வருடம் எங்களோடுதான் இருந்தார். போன ஆகஸ்டில் நுரையீரலில் சளி கட்டி என் பிரிவில்தான் சேர்த்தோம், ஐந்தாம் நம்பர் படுக்கை. முகமூடி வழியாக ஆக்சிஜன் ஓடியது. ஒன்பதாம் நாள், அடுத்து தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டர்தான், போட்டாலும் திரும்ப எடுக்க முடியுமா என்று தெரியாது என்றார் டாக்டர். அவர், அதாவது கிங்ஸ்லி, போடுங்க என்றார். அப்போது நாத்தனார், மச்சான், சபைப் போதகர் என்று எல்லாரும் நின்ற இடத்தில், "இனி பலன் இல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்" என்று சொன்னது நான். வார்டில் மற்றவர்களுக்குச் சொல்லும் அதே குரலில்தான் சொன்னேன். எனக்கு வேறு குரலில் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மறுநாள் விடியும்போது அந்தக் கட்டிலில் போனார். ஆகஸ்ட் 19. அடக்கம் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அவர் சொன்னார், "நீ மருமகளா பேசல, ஹெப்சி. நர்ஸா பேசின. எங்கப்பாவ நீதான் அனுப்பி வச்ச." அதுதான் கடைசியாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

மாமா கடைசியாகத் தெளிவாகப் பேசியது என்னிடம். என்ன பேசினார் என்பது கேஸ் ஷீட்டில் இல்லை. இங்கேயும் எழுத மாட்டேன்.

ஜூலை 15, திங்கள்

வாய்வழித் தேர்வுக்குப் பயிற்சி தொடங்கிவிட்டது. இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து ஏதாவது ஒன்றைத் திட்டமிட வேண்டும். ஜெர்மனியில் எல்லாரும் எப்போதும் பிறந்தநாள் விழாவோ வழியனுப்பு விழாவோ திட்டமிட்டுக்கொண்டே இருப்பார்கள் போல. பரீட்சையில் 'நீ' போட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் பேச வேண்டும்.

மிஸ் என்னையும் அவரையும் ஜோடி சேர்த்தார். "உங்களுக்குத்தான் அக்கா ரொம்ப ஈஸி. வீட்லயே ப்ராக்டீஸ் பண்ணிக்கலாம்" என்றார்.

"வீட்ல நேரம் கெடைக்காது மிஸ்" என்றேன்.

பின்னாலிருந்து அவரும், "எனக்கு நைட் ட்யூட்டி மிஸ்" என்றார்.

பதினொரு மாதத்தில் நாங்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இது. நான் முத்துச்செல்வியோடு உட்கார்ந்து ஒரு சுற்றுலாவைத் திட்டமிட்டேன். அவள் கிளம்பும்போது, "அக்கா, அண்ணன்கிட்ட சண்டையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். சண்டை என்றால் பேச வேண்டுமே.

ஜூலை 16, செவ்வாய்

இன்று வெயில் அடித்தது.

ஜூலை 28, ஞாயிறு

தூத்துக்குடியிலிருந்து நாத்தனார் அவருக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஷேவ் செய்துகொண்டிருந்தார், அதனால் எனக்கும் கேட்டது. ஓராண்டு நினைவு ஜெபத்துக்கு ஆலயத்தில் சொல்லியாகிவிட்டது. "ஒன் பொண்டாட்டி வருவாளா, இல்ல அன்னைக்கும் ட்யூட்டியா?" என்றாள்.

அவர் ரேஸரைத் தண்ணீரில் அலசினார். பிறகு, "வருவா" என்றார்.

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். நாத்தனார் கேட்டதற்காக இல்லை, எப்படியும் கொடுப்பதாகத்தான் இருந்தேன். அடுப்படியில் போய்க் கொஞ்சம் அழுதேன், வெங்காயம் உரிக்கவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி. சென்னை

நிறுவனம் காலை ரயிலில் பக்கத்துப் பக்கத்து இருக்கை போட்டிருந்தது. எட்டு மணி நேரம். அவர் ஓரம், நான் நடு. ஜன்னல் பக்கம் மதுரையில் ஏறிய அம்மா ஒருவர். திண்டுக்கல் தாண்டுவதற்குள் எங்கள் ஊர், சபை என்று சம்பளம் தவிர மற்றதெல்லாம் கேட்டு முடித்துவிட்டார். அந்த அம்மா என்னைக் கேட்டதற்கு நான் சொன்னதை அவரும், அவரைக் கேட்டதற்கு அவர் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டு வந்தோம். அப்படித்தான் அவருக்கு ஒரு மாதமாக முதுகுவலி என்று தெரிந்தது. எனக்குக் கண்ணாடி பவர் ஏறியிருப்பது அவருக்குத் தெரிந்தது.

"ரெண்டு பேரும் பாஸாயிருவீங்களா தம்பி?" என்றார் அந்த அம்மா.

"எனக்கு வராதும்மா. வாய் வராது. அவ பாஸாயிருவா" என்றார்.

"அப்போ அவங்க மட்டும் போயிருவாங்களா?"

"போகட்டும். இங்க என்ன இருக்கு அவளுக்கு?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னல் அந்த அம்மா பக்கம் இருந்ததால் அவரையே பார்ப்பது போல ஆகிவிட்டது. அவ்வளவு பெரிய ரயிலில் எழுந்து போய் நிற்க ஓர் இடம் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 10, சனி. சென்னை

காலையில் எழுத்துத் தேர்வுகள். நன்றாகவே போயின. மதியம் வாய்வழி ஜோடிப் பட்டியல் ஒட்டினார்கள். முத்துச்செல்வியை யாரோ வேலூர்ப் பையனோடு போட்டிருந்தார்கள். என் பெயருக்கு எதிரில் அவர் பெயர்.

அலுவலக மேசைக்கு ஓடினேன். அங்கிருந்த பெண், "ஃபார்ம்ல கப்பிள்னு இருந்துச்சு மேடம். அதான் நானே மாத்திப் போட்டேன். உங்களுக்குக் கம்ஃபர்டபிளா இருக்கட்டுமேன்னு" என்று சிரித்தாள். உதவி செய்துவிட்ட முகம். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்வது?

தயாரிக்கும் அறையில் தாளைக் கொடுத்தார்கள். தலைப்பு: உங்கள் பக்கத்து வீட்டு முதியவர் திரு. பிரவுன் மருத்துவமனையில் இருக்கிறார். அவரைப் போய்ப் பார்ப்பதைச் சேர்ந்து திட்டமிடுங்கள். எப்போது போவது, எப்படிப் போவது, என்ன வாங்கிப் போவது, எவ்வளவு நேரம் இருப்பது. பதினைந்து நிமிடம் இருவரும் தனித்தனி மேசையில் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் குறிப்பு எடுத்தேன். அவர் எடுக்கவில்லை.

உள்ளே இரண்டு பரீட்சகர்கள், இருவரும் பெண்கள். எதிரெதிரே உட்காரச் சொன்னார்கள். நேருக்கு நேர் அவர் முகத்தைப் பார்த்து நாளாகிவிட்டது. மீசையில் நரை கூடியிருந்தது.

நான்தான் ஆரம்பித்தேன், ஜெர்மனில். "கிங்ஸ்லி, நாம் எப்போது போகலாம்? நீ என்ன நினைக்கிறாய்?" கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஒரு பரீட்சகர் ஏதோ குறித்துக்கொண்டார்.

"ஞாயிற்றுக்கிழமை போகலாம்" என்றார்.

"பேருந்தில் போகலாமா?"

"சரி."

"அவருக்குப் புதிய பழங்கள் வாங்கலாமா?"

"அவரால் சாப்பிட முடியாது. முகமூடி போட்டிருக்கிறார்."

தாளில் முகமூடி இல்லை. எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று அடுத்த கேள்விக்குப் போனேன்.

"நான் அங்கேயே இருக்க விரும்புகிறேன்" என்றார். அவருடைய ஜெர்மன் சின்ன ஜெர்மன். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "டாக்டர் இன்னும் உதவி செய்ய முடியும். ஆனால் நீ வீட்டுக்கு என்று சொன்னாய். ஏன் சொன்னாய்?"

இந்தக் கேள்வியை அவர் தமிழில் கேட்டதே இல்லை. குற்றம் சாட்டியிருக்கிறார், கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். மாமாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் மாமாவிடம் நான் வாக்குக் கொடுத்தது தமிழில்.

"நான் சொல்லவில்லை" என்றேன் ஜெர்மனில். "உன் அப்பா சொன்னார். அன்று காலை அவர் முகமூடியை எடுக்கச் சொன்னார். ஒரு நிமிடம் எடுத்தேன். எனக்குக் குழாய் வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்றார். மகனிடம் நான் சொன்னேன் என்று சொல்லாதே என்றார். அப்பாவே போக விரும்பினார் என்று தெரிந்தால் அவன் உடைந்துவிடுவான். நீ சொன்னதாகச் சொல். உன்மேல் கோபப்படுவான். கோபம் போய்விடும், என்றார்."

கோபம் போய்விடும் என்பதில்தான் மாமாவின் கணிப்பு தப்பிவிட்டது. அதைச் சொல்ல எனக்கு ஜெர்மன் போதவில்லை.

"நான் பயந்தேன்" என்றேன். "நான் நல்ல மருமகளாகப் பேச விரும்பினேன். எனக்கு வரவில்லை. பிறகு துணி வைக்கும் சின்ன அறையில் நின்று அழுதேன்."

இதற்குள் ஒரு பரீட்சகர் தாளைத் திருப்பிப் பார்த்தார், திரு. பிரவுனுக்கு மகன் உண்டா என்று. இன்னொருவர் மெதுவாக, "நன்றி. இப்போது நீங்கள் சொல்லுங்கள், என்ன வாங்கிப் போகலாம்?" என்று அவரைக் கேட்டார்.

அவர் வாயைத் திறந்தார். எதுவும் வரவில்லை. மூடிக்கொண்டார். அவர் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. அவசரப் பிரிவில் ரத்த வெள்ளத்தில் வருபவனுக்குக்கூட நடுங்காமல் ஊசி ஏற்றுகிற கை அது. பரீட்சகர் கேள்வியை இன்னொரு முறை, இன்னும் நிதானமாகக் கேட்டார். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்து அவர் தனியாக மூன்று நிமிடம் பேச வேண்டிய பகுதி. தலைப்பு, கைபேசி நல்லதா கெட்டதா. அதிலும் ஒரு சொல் பேசவில்லை. நான் என் மூன்று நிமிடத்தைப் பேசினேன். கைபேசி நல்லது என்றேன்.

வெளியே வந்ததும் அவர் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். வெகுநேரம் கழுவினார். நான் இரண்டு பைகளையும் வைத்துக்கொண்டு நின்றேன்.

என் அடைமொழிகளின் வால்கள் எல்லாம் சரியாக வந்திருந்தன என்று அப்போதுதான் தோன்றியது. ஒரு பெட்டியைக்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

திரும்பும் ரயிலில் எங்கள் வரிசையில் மூன்றாவது ஆள் இல்லை. சாப்பாட்டுத் தட்டு வந்தபோது அவர் என் தட்டின் தயிர் மூடியைத் திறந்து வைத்தார்.

சொல்லியிருக்கக் கூடாதோ என்று இருக்கிறது. மாமா அவ்வளவு யோசித்துத்தான் சொல்லாதே என்றிருப்பார். அவருடைய பிள்ளையை அவருக்குத் தெரியும். ஒரு வருடம் காப்பாற்றியதை ஒரு பரீட்சையில் விட்டுவிட்டேன். அதுவும் மதிப்பெண்ணுக்காக என்று அவர் நினைத்துவிட்டால்?

ஆகஸ்ட் 14, புதன்

ஒன்றும் இல்லை. சீட்டுகளும் இல்லை. எட்டரைக்குக் கிளம்பிப் போகிறார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஆலயத்தில் நினைவு ஜெபம். நாத்தனார் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். போதகர் மாமாவைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு, குடும்பத்தார் யாராவது பேசலாம் என்றார். வழக்கமாக மச்சான்தான் எழுவார். இன்று கிங்ஸ்லி எழுந்தார்.

"எங்கப்பா அவங்க இஷ்டப்படி வீட்ல வந்து, அவங்க கட்டில்ல சமாதானமா போனாங்க" என்றார். "அது எனக்குத் தெரியாம இருந்துது. தெரிஞ்சவங்க ஒரு வருஷம் தனியா சொமந்தாங்க. எனக்காக." அவ்வளவுதான் சொன்னார். உட்கார்ந்துவிட்டார்.

நாத்தனார் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடினேன். எண் தெரிந்த பாட்டுத்தான், எழுத்துத்தான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் பேசவில்லை. பொதுவில் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான். எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 24, சனி

பதினொரு மணிக்கு முடிவுகள் வந்தன. நான் நான்கு பகுதியிலும் தேறிவிட்டேன். பேச்சில் எண்பத்தொன்று. அவர் மூன்றில் தேறி, பேச்சில் முப்பத்தாறு. அறுபது வேண்டும். நிறுவனத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. வாழ்த்துகள், அக்டோபர் நான்காம் தேதி விமானம், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்றார்கள். அவர் நவம்பரில் அந்த ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதலாமாம். நாளை சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

இட்லிக்கு ஊற வைத்ததை அரைத்துக்கொண்டிருந்தபோது அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். இரவு வேலை முடித்து வந்து தூங்கியிருக்கவில்லை. நான் மிக்ஸியை நிறுத்தினேன்.

"ஹெப்சி" என்றார்.

நான் திரும்பினேன்.

"முப்பத்தாறு."

"பாத்தேன்."

"நீ போ. கையெழுத்துப் போட்டு அனுப்பு. நான் நவம்பர்ல எழுதிட்டு வாரேன்."

"வாய் வராதுன்னீங்க."

"வரும். கூட ஒக்காந்து பேச ஆளு வேணும். நீ போறதுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்குல்ல?"

"இருக்கு" என்றேன். "பகல் ட்யூட்டி கேட்டு எழுதிக் குடுங்க. இல்லன்னா எப்பம் பேச?"

"குடுத்துட்டேன். திங்கக்கிழமையிலிருந்து."

அதற்கு மேல் என்ன செய்வது என்று இருவருக்குமே தெரியவில்லை. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மாவுக் கையைத் துடைக்காமலே நின்றேன். பிறகு அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொல்லி இன்னொன்றை நகர்த்தி வைத்தார்.

"அன்னைக்கு அப்பா சொன்னதுல பாதிதான் எனக்கு வெளங்குச்சு" என்றார். கண் கலங்கியிருந்தது. துடைக்கவில்லை. "மொத்தமும் சொல்லு. மொதல்லருந்து. தமிழ்ல சொல்லு."

சொன்னேன்.